ஜீப்புக்கு ஒரு வின்ச்சு

அண்ணன் மேலிருந்த கோபத்தில்தான் அந்த ஜீப்பை வாங்கினேன். கேட்டவர்களிடம் காட்டுக்குப் போய்வர வசதி என்று சொல்லிக்கொண்டேன்.

பரளச்சிக்குத் தெற்கே எங்களுக்குக் கரிசல் காடு. அப்பா இருந்தவரை ஒரே காடாகக் கிடந்தது. அண்ணன் ஊரிலிருந்து வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டார். நான் அருப்புக்கோட்டையில் அப்பா போட்டுவைத்த மோட்டார், பைப்புக் கடையைப் பார்த்தேன். அப்பா போனபின் பாகம் பிரித்தோம். கடை எனக்கு, வீடும் கிணறும் அவருக்கு, காடு ஆளுக்குப் பாதி. பெரியவர்கள் நின்று கல் ஊன்றினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நாலு மாசம் கழித்து சர்வேயரைக் கூட்டிப்போய் மறுபடி அளக்க வைத்தேன். கல் அண்ணன் பக்கம் நாலடி தள்ளிப் போனது. அந்த நாலடியில் இதுவரை நான் எதுவும் விதைத்ததில்லை.

அண்ணன் அன்றைக்கு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் நான் போனபோது, தார்ரோட்டிலிருந்து அவர் காட்டின் ஓரமாக என் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை உழுது போட்டிருந்தார். பாதை அவர் பாகத்தில் வருவது. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அதற்குப்பிறகு எனக்கு ஓடைதான் வழி. கண்மாய்க்கரையில் கொஞ்ச தூரம் போய், இறங்கி, ஓடையைக் கடந்து ஏற வேண்டும். கோடையில் சைக்கிள்கூடப் போகும். நாலு தூறல் விழுந்துவிட்டால் கரிசல் களியாகிவிடும். செருப்பில் ஒட்டிய மண் செருப்பைவிடக் கனமாகி, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். பைக் சக்கரம் சுத்தாமல் மட்கார்டில் அடைத்துக்கொள்ளும். அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றைத் தேனிப்பக்கம் போய் வாங்கிவந்தேன். "பேசி முடிக்க வேண்டியதுக்கு ஒரு வண்டியா?" என்றாள் என் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மக்காச்சோளத்தில் புழு விழுந்திருப்பதாகக் காட்டுக்காரர் ஒருவர் சொல்ல, மருந்தடிக்கும் மிசினை ஏற்றிக்கொண்டு போனேன். ஓடையில் பாதி தாண்டியதும் முன்சக்கரம் இறங்கியது. நாலு சக்கரமும் சுத்தியது. சுத்தச் சுத்த வண்டி வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது. மண்வெட்டியால் தோண்டினேன். தோண்டின குழியில் தண்ணீர் ஊறியது. சோளத்தட்டையைப் பிடுங்கி சக்கரத்துக்கு அடியில் போட்டேன். அதை மென்று துப்பிவிட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

நிமிர்ந்து பார்த்தபோது, மேட்டில் அண்ணனின் டிராக்டர் நின்றது. கூப்பிடு தூரம். அண்ணன் அதன் சீட்டில், தலைத்துண்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கயிற்றைக் கட்டி இழுத்தால் அஞ்சு நிமிஷ வேலை.

அவர் வருவார் என்று நான் காத்திருந்தேன். நான் கூப்பிடுவேன் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. அரைமணி நேரம் அப்படியே போனது. பிறகு அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, திருப்பி, வீட்டுப்பக்கம் போய்விட்டார். அந்த டிராக்டர் சத்தம் தேய்ந்து மறைகிறவரை நின்று கேட்டேன். முழங்கால் அளவு சகதியில் தார்ரோட்டுக்கு நடந்துவந்து பஸ் பிடித்தேன். கால்சட்டையெல்லாம் மண். கண்டக்டர், "உக்காராதீக அண்ணாச்சி, சீட்டு போயிரும்" என்றார். அருப்புக்கோட்டை வரை நின்றுகொண்டே வந்தேன். மூன்றாம் நாள் வெயில் கண்டபிறகு பக்கத்து ஊரிலிருந்து ஜேசிபி கொண்டுபோய்த்தான் ஜீப்பை எடுக்க முடிந்தது.

அந்த மூன்று நாளும் செல்போனில் வின்ச்சு வீடியோவாகப் பார்த்தேன். வண்டியின் முன் பம்பரில் பூட்டுகிற மோட்டாரும் உருளையும். உருளையில் இரும்புக்கயிறு சுற்றியிருக்கும். கொக்கியை இழுத்துப்போய் எதிலாவது மாட்டி சுவிட்சை அமுக்கினால், வண்டி தன்னைத்தானே சகதியிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியே வரும். யாரையும் கூப்பிட வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மதுரை ரோட்டில் ஜீப் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் உண்டு. போய்ச் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் குனிந்து சேஸைத் தட்டிப் பார்த்தார்.

"மாட்டலாம் அண்ணாச்சி. ஆனா மாட்டணுமான்னு யோசிங்க."

"ஏன்?"

"வின்ச்சும் பம்பரும் சேந்தா ஒரு ஆளு வெயிட்டு முன்னாடி ஏறும். உங்க மண்ணுல முன்சக்கரம் இன்னும் சீக்கிரமா இறங்கும். பேட்டரி பெருசாப் போடணும். வயரு மாத்தணும். அதெல்லாம் செஞ்சிரலாம். கொக்கிய எதுல மாட்டுவீக?"

"மரத்துல."

"உங்க காட்டுல மரம் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். ஓடையோரம் சீமைக்கருவேலைதான். அது வின்ச்சு இழுத்தால் வேரோடு வந்துவிடும். மற்றபடி கண்ணுக்கு எட்டியவரை சோளமும் பருத்தியும்.

"மலைக்காட்டுல ஓட்டுறவுக மாட்டுறாக, அங்க பாறை இருக்கு, மரம் இருக்கு. கரிசல்ல நீங்க இரும்பு முளை அடிக்கணும், இல்ல ஸ்டெப்னி டயர குழி வெட்டிப் புதைச்சு அதுல கொக்கி போடணும். மழைக்குள்ள நின்னு அம்புட்டும் செய்வீகளா?" கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "உங்க ஊருல அண்ணன் தம்பி யாருட்டயாச்சும் டிராக்டர் இருக்கும்ல. ஒரு போன் அடிச்சா வந்து இழுத்துட்டுப் போறாக. அதுக்குப் போயி இது எதுக்கு?"

அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. நல்லதைத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நீங்க மாட்டுங்க" என்றேன்.

மாட்டச் சொன்னேனே தவிர, ரெண்டு வாரம் வண்டியைக் கொண்டுபோய் விடவில்லை. காலையில் வேண்டும் என்றிருக்கும், மத்தியானம் வேண்டாம் என்றிருக்கும். கடையில் கையில் வேலை இல்லாத நேரமெல்லாம் காகிதத்தில் ஓடையை வரைந்து, முளை எங்கே அடிக்கலாம், கயிறு எம்புட்டு நீளம் வேண்டும் என்று குறித்துக்கொண்டிருப்பேன். வருசத்தில் சகதி இருப்பதே ஒன்றரை மாசம். அதில் நான் காட்டுக்குப் போவது ஆறேழு தடவை. அதற்கு இவ்வளவு இரும்பா என்று எனக்கே தோன்றும். அப்போதெல்லாம் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்த கோலம் ஞாபகம் வரும்.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு நீங்க ஒரு சத்தம் குடுத்திருந்தா உங்கண்ணன் வந்திருக்க மாட்டாகளா?"

"அவரு பாத்துக்கிட்டேதான இருந்தாரு. சத்தம் வேற குடுக்கணுமா?"

"நீங்க கல்ல நகத்தும்போது அவுகளும் பாத்துக்கிட்டேதான இருந்தாக."

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக ஜீப்பை மெக்கானிக்கிடம் விட்டேன்.

வின்ச்சு பூட்டி வந்த வண்டி முன்னால் கொஞ்சம் குனிந்து நின்றது. ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடுதலாக வைத்துக் கொடுத்தார் மெக்கானிக். கொல்லரிடம் சொல்லி ஆளுயரத்துக்கு மூன்று இரும்பு முளை அடித்து வாங்கினேன். கார்த்திகையில் ஒரு தடவை வேண்டுமென்றே ஓடையில் இறக்கி, மாட்டி, முளையடித்து, கொக்கி போட்டு, வண்டியை வெளியே இழுத்தேன். முக்கால் மணி நேரம் பிடித்தது. ரெண்டு முளை பிடுங்கிக்கொண்டது, மூன்றாவது நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணன் வீட்டுக்கும் தெரிந்திருக்கும். தெரியட்டும் என்றுதான் செய்தேன்.

அதிலிருந்து பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். ராத்திரி நல்ல மழை பெய்து, காலையில் வெறித்திருந்தது. கடையில் ஒரு விவசாயி நீர்மூழ்கி மோட்டாருக்குக் கேபிள் வாங்கிக்கொண்டிருந்தார். மதியம் ஒன்றரை மணி. போன் அடித்தது. மதினியின் நம்பர்.

ரெண்டு வருசமாக அந்த நம்பரிலிருந்து ஒரு போன் வந்ததில்லை. நான் அழிக்கவும் இல்லை. பெயரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணனின் டிராக்டர் சகதியில் மாட்டிக்கொண்டது. அவர் வாயால் கேட்க மாட்டார், பொண்டாட்டியை விட்டுக் கூப்பிடச் சொல்கிறார்.

போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தேன். அடித்து ஓய்ந்தது. கேபிளை அளந்து வெட்டினேன். மறுபடி அடித்தது. "முக்கியமான போனா இருக்கப்போவுது, எடுங்க" என்றார் அந்த விவசாயி. "வேண்டாதவுக" என்றேன். அவர் போனபிறகு மூன்றாவது தடவை அடித்தது. அதற்கும் கை போகவில்லை. எதிர்க்கடையில் டீ சொன்னேன். அரைமணி நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அவர் ஒரு மணி நேரம் உட்காரட்டும் என்று நினைத்தேன். உள்ளபடியே சொன்னால், சந்தோசமாக இருந்தது. அந்த டீ ருசியாக இருந்தது. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ரெண்டரை மணிக்குமேல் மனைவி கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீக? அக்கா உங்களுக்கு மூணு தடவ அடிச்சாகளாம். என் நம்பரு இல்லாம, யார் யாரையோ கேட்டு வாங்கி இப்பத்தான் எனக்குப் பேசுறாக. டிராக்டர் கண்மாய்க்கரையில இருந்து கவுந்துருச்சு. உங்கண்ணன் காலு அடியில கெடக்கு. எடுக்க முடியலையாம். சீக்கிரம் போங்க, அந்த இழுக்குற மிசினு உங்க வண்டியிலதான இருக்கு."

கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த ரோட்டில் அப்படி ஒரு வேகத்தில் நான் போனதில்லை. ஆம்புலன்ஸ் தார்ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. சகதிக்குள் வர முடியவில்லை. திருச்சுழிப் பக்கம் வேலையிலிருந்த ஜேசிபி ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். உர மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு அண்ணன் கரைமேல் வந்திருக்கிறார். ஊறிப்போன கரையோரம் சரிந்து, டிராக்டர் பக்கவாட்டில் ஓடைச்சரிவில் சாய்ந்துவிட்டது. குதிக்கப் பார்த்தவரின் வலதுகால் பெரிய சக்கரத்தின் மட்கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஏழெட்டுப் பேர் கட்டையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். நெம்பின கட்டை களியில் இறங்கியதே தவிர டிராக்டர் அசையவில்லை.

மதினி சகதியில் உட்கார்ந்து அண்ணன் தலையை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார்.

அண்ணன் முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. "வந்துட்டியா தம்பி" என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு ரெண்டு வருசம் ஆகியிருந்தது.

ஜீப்பைக் கரைமேல், சரியாத கெட்டித் தரையாகப் பார்த்து நிறுத்தினேன். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். பின்பக்கம் மூன்று முளையையும் அடித்துச் சங்கிலியால் வண்டியைக் கட்டினோம். கொக்கியை இழுத்துப்போய் மேலே தூக்கி நின்ற பின் அச்சில் மாட்டினேன். எல்லோரையும் கயிற்றுக்கு விலகி நிற்கச் சொன்னேன். சுவிட்சை அமுக்கினேன். கயிறு விறைத்தது. ஜீப் ஒரு சாண் முன்னால் நகர்ந்து நின்றது. அப்புறம் டிராக்டர் மெள்ள, முனகிக்கொண்டு, ஒரு முழம் நிமிர்ந்தது. கட்டையைத் திணித்தார்கள். ரெண்டு பேர் அண்ணனை அக்குளில் கைகொடுத்து இழுத்தார்கள். நான் வந்து இறங்கியதிலிருந்து அவரை வெளியே எடுத்தது வரை கால்மணி நேரம்கூட இருக்காது.

கூடியிருந்தவர்களில் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கூடப்பொறந்தவன் கூடப்பொறந்தவன்தான்யா" என்றார். நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரத்த ஓட்டம் நெடுநேரம் நின்றுபோயிருந்தது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடியே எடுத்துக் கொண்டுவந்திருந்தா?" என்று மதினி கேட்டார். டாக்டர் யோசித்து, "காப்பாத்தியிருக்கலாம், காப்பாத்த முடியாமலும் போயிருக்கலாம். இப்ப அதைச் சொல்ல முடியாதும்மா" என்றார். மதினி தலையாட்டினார். டாக்டர் போனபிறகு வராந்தாவில் நானும் அவரும் மட்டும் நின்றோம்.

"போன் அடிச்சேன்" என்றார்.

"சைலண்டுல கெடந்துச்சு மதினி. பாக்கல."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மனைவியிடமும் சைலண்டு என்றே சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றும்போது போன் அடித்தது. மெத்தையில் கிடந்த போனை எடுத்து என்னிடம் நீட்டினாள் மனைவி. "சவுண்டு நல்லாத்தான கேக்குது" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. இன்றுவரை பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் பகலில் நான் இருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ நாள், சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னார்.

"அன்னைக்கு ஓடையில நீ மாட்டுனப்ப நான் வந்து இழுத்துவிட்ருக்கணும்டா. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கெட்ட புத்தி. வீட்டுக்குப் போயிச் சோறு எறங்கல. மறுபடி வரலாம்னு கெளம்புனேன், நீ அதுக்குள்ள நடந்து போயிட்டன்னாக. நான் உனக்கு அப்படிச் செஞ்சேன், நீ எனக்கு ஓடி வந்த."

அவர் கண்ணில் தண்ணீர். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. சுளையிலிருந்து கொட்டையை எடுத்துவிட்டு, "விடுண்ணே, அத எதுக்கு இப்ப" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அதை இழுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனசுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆளை விட்டு வண்டிப்பாதையைச் சமப்படுத்தி, கிராவல் அடிக்கச் சொல்லிவிட்டார் அண்ணன். நான் கல்லைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாம் என்றேன். "இருக்கட்டும்டா, எவன் பாக்கப்போறான்" என்று சிரித்தார். இப்போது நான் மழையிலும் அந்தப் பாதையில்தான் போகிறேன். ஜீப் எங்கேயும் மாட்டுவதில்லை. அண்ணன் பொய்க்கால் வைத்து நடக்கப் பழகிவிட்டார், டிராக்டருக்கு ஆள் போட்டிருக்கிறார். சில நாள் என்னோடு ஜீப்பில் ஏறிக்கொண்டு காட்டைச் சுற்றிப் பார்ப்பார். போகிற இடமெல்லாம், "அன்னைக்கு இவன் மட்டும் வரலைன்னா" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீட்டில் சொல்கிறார், டீக்கடையில் சொல்கிறார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மதினி எனக்குக் காப்பி கொடுப்பார், சாப்பிட்டுப் போகச் சொல்வார். முறையில் ஒரு குறை வைக்கமாட்டார். ஆனால் ஏதாவது தேவையென்றால் என் மனைவிக்குத்தான் போன். வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றால்கூட, மோட்டார்க் கடை வைத்திருக்கிற என்னைக் கூப்பிடாமல், வீரசோழனிலிருந்து ஆளைக் கூட்டிவந்து பார்க்கிறார்.

போன மாசம் குமாரலிங்கபுரம் பக்கமிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். அவரும் பழைய ஜீப் வாங்கியிருக்கிறார். என் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, வின்ச்சு போடலாமா வேண்டாமா என்று கேட்க வந்திருந்தார். வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், உருளையைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிரயோசனப்பட்டுச்சா அண்ணாச்சி?"

முன்பக்கம் வெயிட்டு ஏறும், ஸ்பிரிங்குக்குப் பட்டை கூட்டுங்கள் என்றேன். பேட்டரி பெரிதாகப் போடச் சொன்னேன். கரிசலில் கொக்கி மாட்ட இடம் கிடைக்காது, முளை இல்லாமல் வாங்கிப் பிரயோசனமில்லை என்றேன். கயிறு விறைக்கும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"அப்ப போட்றலாம்கிறீக" என்றார்.

"போடுங்க" என்றேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து, காலையில் வந்து இறங்கிய பைப்புகளை எண்ணி அடுக்க ஆரம்பித்தேன்.